ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே

ஒரு மனிதர் நொண்டி நொண்டி நடந்து வருகிறார். மைதானத்திலிருந்து வீரர்களின் உடைமாற்றும் அறைக்குப் போகிற இருண்ட பாதை. கழற்றிய ஜெர்சி தோளில் கிடக்கிறது. ஆள் மலை மாதிரி இருக்கிறார். முகத்தில் வலி, அதற்கு மேல் எரிச்சல். பின்னாலிருந்து ஒரு பையன் கூப்பிடுகிறான். திரும்பிப் பார்க்கிறார். உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்கிறான். வேண்டாம். உங்களை மாதிரி ஆட்டக்காரரே கிடையாது என்கிறான். ம், சரி சரி என்று நகரப் பார்க்கிறார். பையன் தன் கையிலிருக்கும் கோகோ கோலா பாட்டிலை நீட்டுகிறான். வேண்டாம் என்கிறார். பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறார். அதற்குமேல் பேச்சில்லை. பையன் முகம் தொங்கிப்போய் நடக்கத் தொடங்குகிறான். "ஏய் தம்பி, பிடி!" ஜெர்சி பறந்து வந்து அவன் கையில் விழுகிறது. அந்த மலை முகம் அப்போதுதான் சிரிக்கிறது.

மொத்தம் 60 விநாடி. 1979இல் அமெரிக்காவில் வந்த விளம்பரம். அந்த மனிதர் ஜோ கிரீன், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர். எதிரணியை முட்டி நசுக்குவதில் பேர் போனவர், 'பொல்லாத ஜோ' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே அவருக்கு உண்டு. திரும்பத் திரும்ப எடுத்ததில் பதினெட்டு பாட்டிலைக் காலி செய்தார் என்று படப்பிடிப்பைப் பற்றிச் சொல்வார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பதினெட்டு பாட்டில் கதை இல்லை. 1980 ஜனவரி 20ஆம் தேதி சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் நடுவே இதே விளம்பரம் ஓடியது. அன்று ஆடிய இரண்டு அணிகளில் ஒன்று ஸ்டீலர்ஸ். அதாவது, சற்று முன்பு வரை திரையில் எதிராளியைத் தரையில் சாய்த்துக்கொண்டிருந்த அதே ஆள், ஆட்டம் நின்றதும் அதே திரையில் ஒரு சின்னப் பையனிடம் பாட்டில் வாங்கிக் குடிக்கிறார். விளம்பரம் முடிந்ததும் மறுபடி களத்தில் நிற்கிறார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆட்டத்துக்கு நடுவே எதையோ விற்க வந்தார்கள் என்று தோன்றியிருக்காது. திரைக்குப் பின்னால் நடக்கிற ஒன்றை நமக்கு மட்டும் கதவைத் திறந்து காட்டின மாதிரி இருந்திருக்கும்.

நான் அதை நேரலையில் பார்த்தவள் இல்லை. பல வருஷம் கழித்து இணையத்தில்தான் பார்த்தேன். ஆனால் ரொம்ப நாளாக எனக்குள் இருந்த ஒரு கேள்விக்கு அதில் பாதிப் பதில் கிடைத்தது. விளையாட்டு ஒளிபரப்பின் நடுவே ஆயிரக்கணக்கான விளம்பரங்களைப் பார்த்திருப்போம். பத்துப் பன்னிரண்டு மட்டும் எப்படி இத்தனை வருஷம் உள்ளே தங்கிவிட்டன?

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு அளவுகோல் இருந்தது. அப்பாவின் கட்டை விரல்.

கிரிக்கெட் பார்க்கும்போது ரிமோட் எப்போதும் அவர் கையில்தான். ஓவரின் ஆறாவது பந்து முடிந்து, பவுலர் தொப்பியை வாங்க நடுவரிடம் திரும்பும்போதே அப்பாவின் விரல் ஒலியை நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடும். விளம்பரத்தின் முதல் சத்தம் வருவதற்குள் வீடு அமைதியாகிவிடும். அந்த அரை நிமிஷத்தில்தான் அவர் பேசுவார். அந்தப் பந்தை ஏன் அப்படி ஆடினான், ஃபீல்டரை ஏன் அங்கே நிறுத்தினான் என்று. ஆட்டம் திரும்பியதும் ஒலியும் திரும்பும். அவருக்கு விளம்பரத்தின் மேல் கோபமெல்லாம் கிடையாது. ஆட்டம் தன் மனசுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு யாரோ குறுக்கே பேசுவது பிடிக்காது, அவ்வளவுதான்.

ஆனால் சில விளம்பரங்களுக்கு அந்த விரல் தயங்கும். பொத்தான் மேல் இருக்கும், அழுத்தாது. இன்னும் சிலவற்றுக்கு, நிறுத்திய ஒலியைத் திருப்பி வைப்பார். அப்படி அவர் திருப்பி வைத்தவை அத்தனையும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. இது தற்செயல் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. அவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் இருந்தது. ஆட்டம் பார்க்கிற ஆளின் மனநிலை அந்த நொடியில் என்ன என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மனநிலையை யோசித்துப் பாருங்கள். தொடர் நாடகத்தில் இடைவேளை வரும்போது கதை நிற்கிறது, நமக்கும் கொஞ்சம் ஓய்வு. விளையாட்டில் அப்படி இல்லை. திரையில் ஆட்டம் நின்றாலும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான்கு ஓவரில் நாற்பது ரன் வேண்டும் என்றால், அந்த இடைவெளி முழுக்க மனக்கணக்குத்தான். கைவிரல் நகம் வாயில் இருக்கும். பக்கத்தில் இன்னும் நான்கு பேர் அதே கவலையில் இருப்பார்கள். முடிவு என்ன என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றுக்காக எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பின் நடுவேதான் விளம்பரம் வந்து உட்காருகிறது. சிலது வந்ததும் வராததுமாகத் தன் கதையை மட்டும் பேச ஆரம்பிக்கும். சிலது நம்மோடு சேர்ந்து காத்திருக்கும்.

இதில் விளையாட்டுக்கு விளையாட்டு வித்தியாசமும் உண்டு. கால்பந்தில் 45 நிமிஷம் ஆட்டம் நிற்காது. பெரும்பாலும் ஆட்டத்துக்கு முன்னும், இடைவேளையின் கால் மணி நேரத்திலும்தான் விளம்பரம். அதனால் அங்கே குட்டிப் படம் மாதிரி நீளமாக எடுக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்து நின்று நின்று ஓடுகிற ஆட்டம், ஒரு இடைவெளிக்குள் வரிசையாக நாலைந்து விளம்பரம் ஓடும். டென்னிஸில் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் 90 விநாடி. கிரிக்கெட்டில்தான் கொஞ்சம் வினோதம். இருபது ஓவர் ஆட்டத்தில் கூட இரண்டு இன்னிங்ஸிலுமாகச் சேர்த்து நாற்பது ஓவர். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் ஒரு சின்னச் சந்து. விக்கெட் விழுந்தால் இன்னொன்று. ஐபிஎல்லில் இதற்கென்றே 2009இல் 'ஸ்ட்ராடஜிக் டைம் அவுட்' என்று வேறு கொண்டுவந்தார்கள். ஒரே விளம்பரத்தை ஒரே இரவில் பத்துத் தடவை பார்க்க வைக்கிற ஆட்டம் கிரிக்கெட்.

பத்துத் தடவை என்பது லேசான விஷயம் இல்லை. அடிக்கடி பார்க்கிற ஒன்று மெல்ல மெல்லப் பிடித்துப்போகும் என்று ராபர்ட் ஜாயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதினார். உண்மைதான், ஓரளவு வரைக்கும். ஏழாவது தடவை அதே நகைச்சுவைக்கு அதே நடிகர் அதே மாதிரி கண்ணடிக்கும்போது, பிடித்ததெல்லாம் கசந்துவிடும். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். நம் அணி ஐந்து விக்கெட்டை இழந்து நிற்கும்போது ஒரு குடும்பம் துள்ளிக் குதித்துப் பாடினால், அந்தக் குடும்பத்தின் மேல்தான் கோபம் வரும்.

இந்த முடிச்சை மிக அழகாக அவிழ்த்தது என்று நான் நினைப்பது வோடஃபோனின் ஜூஜூக்கள். 2009இல் ஐபிஎல்லின் இரண்டாவது வருஷம். இந்தியாவில் பொதுத் தேர்தல் என்பதால் போட்டியே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்தது. முட்டைத் தலை, வெள்ளை உடம்பு, குச்சிக் கை கால் என்று சில உருவங்கள் திரையில் வந்தன. ஏதோ ஒரு புரியாத மொழியில் கீச்சுக் கீச்சென்று பேசிக்கொண்டன. முதலில் பார்த்தபோது கணினியில் வரைந்தவை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அவை வெள்ளை உடைக்குள் இருந்த மனிதர்கள். ஓகில்வி நிறுவனத்துக்காக நிர்வாணா ஃபிலிம்ஸின் பிரகாஷ் வர்மா கேப் டவுனில் எடுத்தவை. மனிதச் சாயல் தெரியக்கூடாது என்று உடைக்குத் துணியைத் தேடித் தேடி எடுத்து, அசைவுகள் கார்ட்டூன் போலத் தெரிய வேண்டும் என்று படமெடுக்கும் வேகத்தையும் மாற்றியிருக்கிறார்கள்.

அவற்றைவிடப் பெரிய விஷயம், ஏறக்குறைய முப்பது விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் விட்டதுதான். இன்றைக்கு என்ன செய்யப் போகின்றன என்ற எதிர்பார்ப்பு தானாக வந்துவிட்டது. ஆட்டத்தைப் போலவே விளம்பரத்திலும் அடுத்து என்ன என்று தெரியாது. எங்கள் வீட்டில் அவற்றுக்கு இன்னொரு சலுகையும் கிடைத்தது. அப்பா ஒலியை நிறுத்தினாலும் அவை புரிந்தன! பேச்சே இல்லாத கதை. எந்த மொழி பேசுகிற வீட்டிலும், எத்தனை பேர் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தாலும், விளங்கிவிடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஓவர் முடிந்து ஒரு ஜூஜூ வந்ததும் அப்பா ஒலியைத் திருப்பி வைத்தார். கீச்சுக் குரலைக் கேட்கத்தான். அந்த வருஷம் கோப்பையை வென்றது டெக்கான் சார்ஜர்ஸ் என்பதை நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூஜூவுக்கு யோசிக்க வேண்டியதில்லை.

ஒரு தடவை இதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. ஒரு இறுதிப் போட்டியன்று மடியில் நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, வரும் விளம்பரங்களையெல்லாம் குறித்துக்கொண்டே பார்த்தேன். மறுநாள் காலை நோட்டைப் பார்க்காமல், நினைவில் இருப்பவற்றை இன்னொரு தாளில் எழுதினேன். ஆறுதான் வந்தன. அதில் இரண்டுக்கு எந்தப் பொருளின் விளம்பரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நட்சத்திரம் காரிலிருந்து இறங்கியது நினைவிருந்தது. அவர் காரை விற்றாரா, காப்பீட்டை விற்றாரா, சட்டையை விற்றாரா தெரியவில்லை. நினைவில் நின்றவற்றைப் பார்த்தால் பாதிக்கு மேல், விக்கெட் விழுந்த கையோடு வந்தவை. நெஞ்சு படபடக்கும்போது கண்ணில் படுவது சும்மா ஒட்டிக்கொள்கிறது போலிருக்கிறது. அந்த இடத்தில் யாருடைய விளம்பரம் விழும் என்பது பாதி அதிர்ஷ்டம். ஒட்டிக்கொண்டதை அங்கேயே தங்க வைப்பதற்குத்தான் கலை வேண்டும்.

அந்தக் கலைக்கு என்னிடம் ஒரே ஒரு உதாரணம் கேட்டால் 1994இல் வந்த கேட்பரி டெய்ரி மில்க் விளம்பரத்தைச் சொல்வேன்.

பூப்போட்ட உடையில் ஒரு இளம்பெண், மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சாக்லேட் கடித்துக்கொண்டிருக்கிறாள். களத்தில் ஒருவன் 99இல் நிற்கிறான். பந்து வருகிறது. தூக்கி அடிக்கிறான். எல்லையோரத்தில் ஒரு ஃபீல்டர் பின்னாலேயே போய்க் கையைத் தூக்குகிறான். அவள் முகத்தைப் பாருங்கள், வாயில் சாக்லேட், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதடு ஏதோ முணுமுணுக்கிறது. பந்து ஃபீல்டரைத் தாண்டி விழுகிறது. சிக்ஸர், சதம். அவள் எழுந்து, தடுக்க வந்த காவலரைக் குனிந்து ஏமாற்றி, மைதானத்துக்குள் ஓடி ஆடுகிறாள். அது ஒத்திகை பார்த்த நடனம் இல்லை. கையும் காலும் போன போக்கில் ஒரு ஆட்டம். அவன் வெட்கத்தில் முகத்தை மறைத்துக்கொள்கிறான்.

எழுதியவர் பியூஷ் பாண்டே, பாடியவர் சங்கர் மகாதேவன். அவள் ஷிமோனா ராஷி. இந்த விளம்பரம் வந்த பிறகு பெரியவர்களும் கூச்சப்படாமல் சாக்லேட் சாப்பிட ஆரம்பித்தார்கள் என்று விளம்பர உலகில் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அதில் பிடித்தது வேறு. கிரிக்கெட் விளம்பரம் என்றால் கேமரா எப்போதும் ஆட்டக்காரனிடம் இருக்கும். இதில் அந்த ஆட்டக்காரன் யார் என்றே யாருக்கும் தெரியாது. கேமரா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறாளே, அது நான். அது என் அப்பா. 99இல் ஒருவன் தூக்கி அடிக்கும்போது எல்லோரும் செய்வது அதுதான். ஒரு விளம்பரம் நம் நாற்காலியைப் பார்த்து, நீ இப்படித்தானே இருப்பாய் என்று கேட்கும்போது எப்படி மறக்கும்?

ஜோ கிரீன் விளம்பரத்திலும் இதுதான் நடக்கிறது. அங்கே நாம் அந்தப் பையன். பிற்பாடு பிரேசிலில் ஜிகோவை வைத்தும் அர்ஜென்டினாவில் மரடோனாவை வைத்தும் அதையே எடுத்தார்கள். வீரர் மாறினார், நாடு மாறியது, பாட்டிலை நீட்டுகிற பையன் மட்டும் மாறவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, இதற்கு நேர் எதிரானது. சுற்றியிருக்கிற எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்பது. ஒரு பட்டியலில் மற்றவற்றோடு சேராத ஒன்று இருந்தால் அதுதான் நினைவில் தங்கும் என்று ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1933இலேயே காட்டியிருக்கிறார். விளையாட்டு ஒளிபரப்பு என்பது இடைவிடாத இரைச்சல். கூட்டத்தின் சத்தம், வர்ணனை, அப்புறம் அதைவிடச் சத்தமாக விளம்பரங்கள். 2022 சூப்பர் பவுலில் கிரிப்டோ நாணய வர்த்தகம் செய்யும் காயின்பேஸ் நிறுவனம் ஒரு நிமிஷ நேரத்தை வாங்கி, கறுப்புத் திரையில் ஒரு கியூஆர் கோடு மட்டும் நிறம் மாறி மாறி, மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு மிதக்கும்படி விட்டது. ஆள் இல்லை, கதை இல்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்ததில் அவர்களுடைய செயலியே கொஞ்ச நேரம் முடங்கிப்போனது. புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மனதில் அது ஒரு தந்திரமாகத்தான் இருக்கிறது. இன்னொரு முறை பார்க்க ஆசை வரவில்லை.

ஆப்பிள் நிறுவனத்தின் '1984' அப்படி இல்லை. அந்த வருஷம் ஜனவரி 22ஆம் தேதி, சூப்பர் பவுலின் மூன்றாவது கால்பகுதியில் வந்தது. சாம்பல் நிற உடையில் மொட்டைத் தலைகளோடு வரிசையாக உட்கார்ந்து ஒரு பெரிய திரையை வெறித்துப் பார்க்கும் கூட்டம். நடுவே ஓடி வரும் ஒரு பெண், கையில் சம்மட்டி. அவள் சுழற்றி வீசியதில் திரை வெடித்துச் சிதறுகிறது. ரிட்லி ஸ்காட் இயக்கியது. கணினியைக் கண்ணிலேயே காட்டவில்லை. நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை, வாங்கிய நேரத்தை விற்றுவிடச் சொன்னார்கள். விளம்பர நிறுவனமான ஷயட்/டே 30 விநாடியை விற்றுவிட்டு 60 விநாடியைக் கையில் வைத்துக்கொண்டது, விற்க முடியவில்லை என்று. அன்றைய ஆட்டம் 38க்கு 9 என்று ஒருதலைப்பட்சமாக முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு அந்தச் சம்மட்டி தெரியும்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. திரையை வெறித்துப் பார்க்கும் கூட்டத்தை, திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குக் காட்டினார்கள். வாரநாள் மாலையில் ஏதோ ஒரு நிகழ்ச்சிக்கு நடுவே போட்டிருந்தால் அந்த அதிர்ச்சி இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முறைப்படி அனுமதி பெற்று ஒளிபரப்பான முதல் தொலைக்காட்சி விளம்பரமே ஒரு விளையாட்டுக்கு முன்புதான் வந்தது. 1941 ஜூலை 1, ஒரு பேஸ்பால் ஆட்டம், புலோவா கைக்கடிகாரம், செலவு 9 டாலர். 1967இல் முதல் சூப்பர் பவுலில் 30 விநாடிக்கு 40 ஆயிரம் டாலர் அளவில் இருந்தது. 2025இல் 80 லட்சம் டாலர் வரை போனது. இத்தனை விலை கொடுக்கக் காரணம் சுலபம்: ஒரே நேரத்தில் இத்தனை கோடிப் பேர் சேர்ந்து நேரலையாகப் பார்ப்பது விளையாட்டைத்தான். ஆனால் விலைக்கும் நினைவுக்கும் சம்பந்தம் இல்லை. 2000ஆம் வருஷ சூப்பர் பவுலில் இணைய நிறுவனங்கள் வரிசை கட்டி விளம்பரம் கொடுத்தன. செல்லப் பிராணிகளுக்குப் பொருள் விற்ற பெட்ஸ்.காம் அதில் ஒன்று. ஜனவரியில் விளம்பரம், நவம்பரில் கடையை மூடிவிட்டார்கள். அவர்களுடைய பொம்மை நாயை இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது.

விளம்பரம் நினைவிருந்து விற்றது யார் என்பது மறந்துபோவது ஒரு வகைத் தோல்வி. அதற்கு மறுபக்கமாக, யார் அதிகாரப்பூர்வமானவர் என்பதையே மக்கள் மறந்த கதையும் உண்டு. 1996 உலகக் கோப்பையின் அதிகாரப்பூர்வ பானம் கோகோ கோலா. பெப்சிக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. அவர்கள் 'நத்திங் அஃபிஷியல் அபவுட் இட்' என்று ஒரு வரியைப் பிடித்தார்கள், இதில் அதிகாரப்பூர்வமாக ஒன்றும் இல்லை என்று. தெருவில் விளையாடுகிற பையன்கள் கூட அந்த வரியைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பந்து பேட்டில் பட்டதா இல்லையா என்று சண்டை வந்தால் அதைச் சொல்லித்தான் முடிப்பார்கள். நான்கு வார்த்தை. நாக்குக்கு இதமான நான்கு வார்த்தை. பார்ப்பவர்கள் வாயிலிருந்து தானாக வந்துவிடும் வரி ஒன்று இருந்தால், அதற்கப்புறம் ஒளிபரப்பு நேரமே தேவையில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஆறாவது பந்தில் விக்கெட் விழுகிறது. பவுலர் கையை விரித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறார், சக ஆட்டக்காரர்கள் ஓடி வருகிறார்கள், அவ்வளவுதான். திரையில் பெயின்ட் விளம்பரம். பல மாசம் காயத்தில் கிடந்து திரும்பி வந்த ஒரு பவுலரின் முதல் விக்கெட்டை ஒரு தடவை இப்படிப் பறிகொடுத்தேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. திரும்பி வந்தபோது புது பேட்ஸ்மேன் ஸ்டம்புக்கு நேராக மட்டையை வைக்க நடுவரிடம் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த பெயின்ட் விளம்பரமும் எனக்கு நினைவிருக்கிறது, நிறம் உட்பட. இப்படி ஒரு நினைவை வாங்கவா அவ்வளவு பணம் கொடுத்திருப்பார்கள்? ஆட்டம் விட்ட இடத்தில் உள்ளே வா, ஆட்டத்தைத் தள்ளிவிட்டு வராதே என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றியது.

சில விளம்பரங்களின் கதையை ஆட்டமே எழுதி முடிக்கிறது. 1998 உலகக் கோப்பைக்கு முன்பு நைக்கி, பிரேசில் அணியை விமான நிலையத்தில் விளையாட விட்டது. விமானம் தாமதம், ஆட்டக்காரர்களுக்குப் பொழுது போகவில்லை. பந்தை எடுத்து, பயணிகளுக்கு நடுவிலும் சோதனை இயந்திரத்துக்குள்ளும் விமானத்துக்கு அடியிலும் தட்டித் தட்டிக் கொண்டுபோகிறார்கள். கடைசியில் ரொனால்டோ இரண்டு கம்பங்களைக் கோலாக வைத்து உதைக்கிறார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. அவர் முகம் சுருங்குகிறது. அது ஒரு விளையாட்டான முடிவு, அவ்வளவுதான். ஆனால் ஜூலை 12ஆம் தேதி இறுதிப் போட்டியன்று ரொனால்டோவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, ஆடியும் ஆடாத மாதிரி நின்றார், பிரான்ஸ் 3–0 என்று ஜெயித்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பத்தைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை.

2015 உலகக் கோப்பைக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் எடுத்த 'மௌகா மௌகா'வும் அப்படித்தான். 1992இல் பாகிஸ்தான் ரசிகர் ஒருவர், இந்தியாவை வென்றதும் வெடிக்கலாம் என்று பட்டாசுப் பெட்டியோடு காத்திருக்கிறார். உலகக் கோப்பைகள் வந்து போகின்றன, இளைஞர் நடுவயதுக்காரர் ஆகிறார், கையில் மகன் வந்துவிடுகிறான், பெட்டி திறக்கப்படவே இல்லை. எதிரணியைச் சீண்டுகிற விளம்பரம்தான், ஆனால் அந்த மனிதரின் காத்திருப்பை நன்றாகவே எடுத்திருந்தார்கள். பிறகு அதை இழுத்து இழுத்து ஒவ்வொரு அணிக்கும் ஒன்று என்று செய்தபோது வெறும் கேலி மட்டும் மிஞ்சியது. 2021 அக்டோபர் 24ஆம் தேதி துபாயில், இருபது ஓவர் உலகக் கோப்பையில், பாகிஸ்தான் பத்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெட்டிதான். நம் அணி தோற்ற வருத்தத்துக்கு நடுவிலும், பாவம், இன்றாவது வெடித்திருப்பார் என்று தோன்றியது. விளம்பரத்தில் வந்த ஒரு கற்பனை மனிதருக்காக அப்படித் தோன்றியதை யோசித்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

அதே 2021இல், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு, கேட்பரி தன் பழைய விளம்பரத்தைத் திருப்பி எடுத்திருந்தது. அதே பாட்டு, அதே 99, அதே தூக்கி அடித்த பந்து. ஆனால் இந்தத் தடவை மட்டையோடு நிற்பவள் பெண். ஓரத்தில் உட்கார்ந்து சாக்லேட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறவன் ஆண். தடுப்பைத் தாண்டி ஓடி, காவலரை ஏமாற்றி, தாறுமாறாக ஆடுகிறவனும் அவன்தான்.

என் அக்கா மகளுக்கு அந்தப் புதிய விளம்பரம் ரொம்பப் பிடிக்கும். அவளும் கிரிக்கெட் ஆடுகிறவள். போன தடவை வந்திருந்தபோது ஃபோனில் தேடி 1994இல் வந்ததை எடுத்துக் காட்டினேன். அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். அவள் கடைசிவரை பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு சித்தி," என்றாள். "ஆனா ஏன் பொண்ணை வெளியில உட்கார வெச்சிட்டாங்க?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அப்பா கையை நீட்டி ஃபோனை வாங்கினார். ஒலியைக் கூட்டி, முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டார்.